புதுக் கருவி வாங்கும் முன் ஒரு நிமிட மௌனம்

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்கிறவருக்கு ஒலியில் ஏதோ குறை என்று பட்டதும், கை தானாக விலைப்பட்டியலுக்குப் போகிறது. மைக்கை மாற்றலாமா, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸை மாற்றலாமா, லேப்டாப்பையே மாற்றிவிடலாமா? எதற்கும் முன்னால் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. பைசா செலவில்லை, பத்து நிமிட வேலை.

வழக்கமாகப் பாடும் இடத்தில் மைக்கை வையுங்கள். தார ஸ்தாயியில் உரக்கப் பாடும் அடியை ஒருமுறை பாடி, மென்பொருளில் மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டிபி (டெசிபல்) அளவில் நிற்கும்படி, இன்டர்ஃபேஸில் ஒலியைக் கூட்டும் கெயின் குமிழைத் திருப்புங்கள். இனி அந்தக் குமிழைத் தொடக்கூடாது. மின்விசிறி, ஏசி இரண்டையும் அணைத்துவிட்டு, யாரும் பேசாமல் ஒரு நிமிட மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். அந்தத் துண்டை மட்டும் மென்பொருளில் 30 டிபி உயர்த்தி ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஹெட்ஃபோன் சத்தத்தை முதலில் நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு மெதுவாக ஏற்றுங்கள்.

'ம்ம்ம்' என்று அடியில் உறுமினால் அது 50 அல்லது 100 ஹெர்ட்ஸ், மின்சாரத்தின் வேலை. 'ஸ்ஸ்ஸ்' என்று சீராக இரைந்தால் மைக்கோ, இன்டர்ஃபேஸில் மைக்கின் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்போ. ஆட்டோ சத்தமும் பக்கத்து வீட்டுக் குக்கரும் கேட்டால் அது அறையின் சங்கதி. ஒழுங்கே இல்லாமல் 'டிக், டிக்' என்று வெடித்தால் ஒலியைச் சிறு துண்டுகளாகச் சேர்த்து அனுப்பும் கணினியின் பஃபர், அல்லது ஈரம் குடித்த கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை). நாலுக்கும் மருந்து வெவ்வேறு. உறுமலுக்குப் புது மைக் வாங்கினால், உறுமல் இன்னும் தெளிவாகப் பதிவாகும், அவ்வளவுதான்.

அந்த ஒரு நிமிடத்தைத் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். எதை மாற்றினாலும் அதே இடத்தில், அதே கெயினில் இன்னொரு நிமிடம் பதிவு செய்து பழையதோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். இன்டர்ஃபேஸையே மாற்றினால் குமிழின் நிலை பொருந்தாது. அதே அடியைப் பாடி மறுபடி மைனஸ் 12-க்குக் கொண்டுவந்த பிறகு மௌனத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு பொருளை மாற்றாதீர்கள். எது சரி செய்தது, எது கெடுத்தது என்று பிறகு பிரித்துப் பார்க்க வழி இருக்காது.

மின்சாரம்

முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றுவிட்டால் பாதி விடை கிடைத்துவிட்டது. இரண்டு கருவிகள் வேறு வேறு பாயின்ட் வழியாக எர்த்தைத் தொடும்போது, அவற்றை இணைக்கும் ஆடியோ கேபிளின் உறை வழியே சிறு மின்னோட்டம் சுற்றி ஓடும். அதைத்தான் காது உறுமலாகக் கேட்கிறது. சார்ஜர் இரண்டு பின் வகையாக இருந்தால் கதை வேறு. அதில் எர்த்தே இல்லை. உள்ளே இருக்கும் வடிகட்டி கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரத்துக்குப் போக வழியில்லாமல் லேப்டாப்பின் உலோக உடம்பில் நிற்கிறது. தொட்டால் விரலில் குறுகுறுவென்று ஏறுவது அதுதான். காந்த பிக்கப் பொருத்திய வீணையோ எலெக்ட்ரிக் கிட்டாரோ மாட்டியிருந்தால், தந்தியில் கை வைத்ததும் இரைச்சல் குறைந்து, கை எடுத்ததும் கூடும்.

சரி செய்யும் வரிசை இது. லேப்டாப், இன்டர்ஃபேஸ், இரண்டு ஸ்பீக்கர், திரை எல்லாவற்றையும் ஒரே மூன்று பின் பாயின்டிலிருந்து, ஒரே ஸ்பைக் பஸ்டர் வழியாக எடுங்கள். சுமை பற்றிய பயம் வேண்டாம். 6 ஆம்பியர் பாயின்ட் 230 வோல்ட்டில் 1,380 வாட் தாங்கும். சிறிய ஸ்டுடியோ முழுவதும் சேர்ந்தாலும் 300 வாட்டைத் தாண்டுவது அரிது. அயர்ன் பாக்ஸையும் மிக்ஸியையும் மட்டும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அடுத்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் வரும் வோல்ட்டேஜும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் வருவதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் கம்பியே இருக்காது. இது ஒலியை மட்டும் பொறுத்த விஷயம் இல்லை. ஒரு கையில் தந்தியும் உதட்டில் மைக்கின் உலோக வலையுமாக உட்கார்கிறவருக்கு உயிர் விஷயம். உறுமல் நிற்கிறது என்பதற்காக எர்த் பின்னை உடைத்துப் போடும் பழக்கம் இருக்கிறது. அதை எந்த நாளும் செய்யாதீர்கள். எர்த்தைப் பிரிக்க வேண்டுமென்றால் ஆடியோ பாதையில் பிரிக்க வேண்டும். அதற்கென்றே, ஆடியோ கேபிளின் எர்த்தைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானோடு டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டி விற்கிறது.

மூன்றாவது, கேபிள். இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்குப் போவது முனையின் உலோகத்தில் இரண்டு வளையம் உள்ள டிஆர்எஸ் கேபிளா என்று பாருங்கள். ஒற்றை வளையம் உள்ள கிட்டார் கேபிளும் அதே ஓட்டைக்குள் நுழையும், ஒலியும் வரும், கூடவே உறுமலும் வரும். டிஆர்எஸ் மாதிரியான பேலன்ஸ்டு கேபிளில் ஒரே சமிக்ஞை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் போய், ஸ்பீக்கரில் கழிக்கப்படும்போது, வழியில் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டிய இரைச்சல் அடிபட்டுப் போகிறது. உறுமலுக்கு மலிவான மருந்து பெரும்பாலும் இந்த இரண்டு கேபிள்கள்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் 'ஜ்ஜ்ஜ்' என்று கரகரப்பு மிஞ்சினால் மின்விசிறி ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். படி இல்லாமல் சுழலும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், மின் அலையை ஒவ்வொரு அரைச் சுற்றிலும் நறுக்கித்தான் வேகத்தைக் குறைக்கிறது. வினாடிக்கு 100 முறை நடக்கும் அந்த நறுக்கல் பிக்கப்பில் ஏறும். பக்கத்து அறை ஃபேன்கூடப் போதும். ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துப் பார்த்து ஆளைப் பிடித்ததும், ஒன்று முதல் ஐந்துவரை படி உள்ள கெப்பாசிட்டர் ரெகுலேட்டராக மாற்றிவிடுங்கள். மங்க வைக்கும் வசதி உள்ள விளக்குகளும் இதே குற்றம் செய்யும். இன்வெர்ட்டர் வாங்குவதாக இருந்தால் சைன் வேவ் வகை. சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது பாடிப் பதிவு செய்த டேக்கை எந்த பிளகினாலும் (பதிவு மென்பொருளில் சேர்க்கும் துணை நிரல்) சுத்தப்படுத்த முடியாது.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு: இன்டர்ஃபேஸ் யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் வகை என்றால், லேப்டாப்பை பேட்டரியில் வைத்துப் பாடிவிடுங்கள். அதைவிடச் சுத்தமான மின்சாரம் வீட்டில் கிடையாது. பேட்டரியில் இருக்கும்போது லேப்டாப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் பஃபரை ஒரு படி கூட்டி வைக்க வேண்டும்.

பத்துக்குப் பத்து அறை

நம் வீடுகளில் ஸ்டுடியோவாக மாறும் அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து. உயரமும் பத்தடி. குடியிருக்க வசதி, ஒலிக்கு மிக மோசமான வடிவம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் நிற்கும் அலையின் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க, ஒலியின் வேகமான 343-ஐச் சுவர் இடைவெளியின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். பத்தடி என்பது 3.05 மீட்டர், விடை ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசையிலும் அதே 56 ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்காருகிறது. பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மூலையில் நின்றால் முழங்கும், அறையின் நடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். நடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்கிறவர் பேஸ் போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போவார். காரில் போட்டுக் கேட்டால் கதவு அதிரும். இதற்கு ஸ்பீக்கரை மாற்றிப் பயனில்லை.

முதல் வேலை இடம் மாற்றுவது. முன்சுவரிலிருந்து அறை நீளத்தின் 38 சதவீதத்தில், பத்தடி அறையில் சுமார் 3 அடி 10 அங்குலத்தில், தலை இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கரும் தலையும் மூன்று பக்கமும் சமமான முக்கோணமாக, பக்கத்துக்குச் சுமார் மூன்றடியாக அமையட்டும். ஸ்பீக்கரில் மேல் சுரங்களைப் பாடும் ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். மேசையின் மேல் நேராக வைத்தால் பலகை அதிர்ந்து தானும் பாடும். அடியில் கெட்டியான ரப்பரோ ஃபோமோ வையுங்கள்.

அடுத்தது பேனல். முட்டை அட்டையை ஒட்டுவதில் பயனில்லை. ஒரு அங்குல ஃபோம் மேல் சுரங்களை மட்டும் தின்னும், கீழ்ச் சுரங்கள் அப்படியே நிற்கும். அறை இருண்டு மந்தமாகிவிடும். தேவை கனம். 4 அடிக்கு 2 அடி, 4 அங்குலக் கனம், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் பலகைகள். ஏசி டக்ட், கூரை இன்சுலேஷன் வேலைக்குச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும்; இசைக் கடைகளில் தேடாதீர்கள். 2 அங்குலப் பலகை மட்டும் கிடைத்தால் இரண்டைச் சேர்த்து வையுங்கள். தச்சரிடம் 12 மில்லிமீட்டர் கட்டையில் ஒரு சட்டம் அடித்து, உள்ளே பலகையை வைத்து, முன்னும் பின்னும் காடாத் துணி போர்த்தி ஸ்டேப்ளர் அடிக்கலாம். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் வந்தால் சரி. ரெக்ஸினும் பிளாஸ்டிக்கும் ஆகாது. வேலை செய்யும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் கட்டாயம். அந்த இழை தோலில் அரிக்கும், மூச்சில் போகவே கூடாது.

எட்டுப் பேனல் போதும். முன்பக்கம் இரு மூலைகளிலும், மூலையைக் குறுக்காக மறைத்தபடி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டிரண்டு. இடது வலது பக்கச் சுவரில் ஒவ்வொன்று. அவற்றின் இடத்தைக் கண்ணாடி சொல்லும்: நீங்கள் இருக்கையில் அமர்ந்திருக்க, வீட்டில் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தட்டும். எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அதுதான் இடம். மீதி இரண்டு, முதுகுக்குப் பின்னால். சுவரை ஒட்டி அடிக்காமல் நாலு அங்குலம் விட்டுத் தொங்கவிட்டால் இன்னும் கீழ்ச் சுரம்வரை வேலை செய்யும். இவ்வளவுக்கும் வசதியில்லாதவர் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தலாம். அழகில்லை, ஆனால் கனம் உள்ள பஞ்சு, நன்றாகவே உறிஞ்சும்.

பேனல் எதிரொலியைத்தான் தின்னும். வெளிச் சத்தத்தைத் தடுக்காது. சத்தத்தைத் தடுப்பது சுவரின் எடையும், கதவு ஜன்னல் இடுக்குகள் அடைபட்டிருப்பதும்தான். வாடகை வீட்டில் அதற்குப் பணம் போடுவதைவிட, தெரு அடங்கும் நேரத்தைக் கண்டுபிடித்து அந்த நேரத்தில் பாடுவது மேல். கார்டியாய்டு மைக் பின்பக்கம் கேட்காது என்பதால், அதன் முதுகை ஜன்னலுக்குத் திருப்புங்கள். ஸ்டீல் பீரோவை மறக்க வேண்டாம். மென்பொருளில் ஒரு சைன் தொனியை 40-இலிருந்து 200 ஹெர்ட்ஸ்வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே நடந்தால் பீரோ கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, ஷோகேஸ் பாத்திரம் என்று எது எது கூடப் பாடுகிறது என்று தெரியும். ஒரு துண்டு ஃபெல்ட் துணியோ மடித்த அட்டையோ சொருகினால் தீர்ந்தது.

வெயில் காலத்தில் மின்விசிறி இல்லாமல் பாடுவது கொடுமை. அரை மணி முன்னால் ஏசியை 22-இல் ஓடவிட்டு, டேக் எடுக்கும்போது அணைத்து, இருபது நிமிடம் பாடி மறுபடி போடுங்கள். ஏசி அணைந்ததும் அறையில் ஈரம் ஏறும், மிருதங்கத் தோல் தளரும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சுருதி பார்க்காவிட்டால், இரண்டு டேக்கை வெட்டி ஒட்டும்போது வித்தியாசம் தலைகாட்டும்.

மைக்கும் இன்டர்ஃபேஸும்

'ஸ்ஸ்ஸ்' இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க, கெயினைத் தொடாமல் கண்டென்சரைக் கழற்றி, மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக் ஒன்றைப் போர்வையில் சுற்றி அதே இடத்தில் சொருகுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் ப்ரீஆம்ப். குறைந்துவிட்டால் கண்டென்சரோ அறையோ. கண்டென்சரைக் கழற்றும் முன், கேபிள் வழியே அதற்குப் போகும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரை அணைத்து அரை நிமிடம் விட வேண்டும், ஸ்பீக்கரும் மூடியிருக்கட்டும்.

மைக்கின் சுய இரைச்சல் என்று பெட்டியில் போடும் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஆடியோ டெக்னிகா ஏடி2020-க்கு அது 20 டிபி, ரோட் என்டி1-ஏ மைக்குக்கு 5 டிபி. எண்ணில் பெரிய தூரம்தான். ஆனால் நடு இரவிலும் 30 டிபிக்குக் கீழே இறங்காத அறையில் இரண்டின் இரைச்சலும் அறையின் சத்தத்துக்குள் மூழ்கிவிடும். அதைவிட மைக்கை இரண்டு சாண் தூரத்திலிருந்து ஒரு சாணுக்குக் கொண்டுவந்தால், அறையோடு ஒப்பிடக் குரல் 6 டிபி கூடும். வாயிலிருந்து வெடிக்கும் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டரை மைக்கிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள்.

ஷ்யூர் எஸ்எம்7பி மாதிரி மெல்லிய வெளியீடு உள்ள டைனமிக் மைக் வாங்குவதாக இருந்தால், இன்டர்ஃபேஸ் 60 டிபி கெயின் தருமா என்று முதலில் கையேட்டில் பாருங்கள். தராவிட்டால் மைக் விலையோடு கெயினைக் கூட்டும் பூஸ்டர் விலையும் சேரும்.

வீணையிலோ வயலினிலோ ஒட்டி, அதிர்வை நேராகப் பிடிக்கும் பீசோ கான்டாக்ட் மைக்கை லைன் ஓட்டையில் சொருகி, 'தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது' என்று அதைத் தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம். பீசோவுக்கு 1 மெகா ஓம் அளவு உள்ளீடு வேண்டும். லைன் உள்ளீடு 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். அந்தச் சுமையில் கீழ்ச் சுரங்கள் கரைந்துவிடும். இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இஸட்' என்ற பொத்தானை அழுத்தினால் அதே கான்டாக்ட் மைக்கில் குடத்தின் நாதம் திரும்பும்.

இன்டர்ஃபேஸை மாற்ற நியாயமான காரணங்கள் மூன்று. உள்ளீடு போதவில்லை: பாட்டு ஒன்று, வயலின் ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொன்று என்றால் நான்கு வேண்டும். கருவியைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள் வருவது நின்றுவிட்டது. அல்லது மேலே சொன்ன சோதனையில் ப்ரீஆம்ப் மாட்டிக்கொண்டது. சாம்பிள் ரேட், அதாவது ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற எண், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எழுத்துக்காக மாற்ற வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வீட்டுப் பதிவுக்குத் தாராளம். ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி எடுக்கும். நான்கு மடங்கு கோப்பை நிரப்பிக் காதுக்கு எதுவும் கூடுவதில்லை.

சாம்பிள் ரேட்டில் நிஜமான ஆபத்து வேறு. 44.1-இல் பதிவான தம்பூராவையோ பாட்டுக்குரல் இல்லாத மைனஸ் ஒன் டிராக்கையோ 48-இல் ஓடும் ப்ராஜெக்டில் மாற்றாமல் போட்டால், வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடி, சுருதி சுமார் முக்கால் கட்டை ஏறிவிடும். ஐந்து கட்டைக்காரர் தொண்டை இறுகப் பாடிவிட்டு, இன்று குரல் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். ப்ராஜெக்ட் தொடங்கியதும் முதலில் எண்ணைப் பாருங்கள். கோப்பை உள்ளே இழுக்கும்போது 'மாற்றட்டுமா' என்று மென்பொருள் கேட்டால் ஆம் சொல்லுங்கள்.

தாமதம்

ஹெட்ஃபோனில் தன் குரல் தாமதமாகக் கேட்டால் தாளம் தள்ளும். கணக்கு எளிது: பஃபர் எண்ணைச் சாம்பிள் ரேட்டால் வகுக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 பஃபர் என்பது 2.7 மில்லி செகண்ட், 256 என்பது 5.3, 1024 என்பது 21.3. உள்ளே போக ஒருமுறை, வெளியே வர ஒருமுறை, அதன்மேல் கருவி தனக்கென எடுப்பது கொஞ்சம். ஒலி ஒரு மீட்டர் கடக்க 3 மில்லி செகண்ட் ஆகும் என்பதால், 10 மில்லி செகண்ட் தாமதம் என்றால் மூன்றரை மீட்டர் தள்ளி நின்று உங்கள் குரலைக் கேட்பது போல. அதற்குமேல் போனால் பெரும்பாலோருக்கு இடறும். புளூடூத் ஹெட்ஃபோனில் இது நூறைத் தாண்டும். பதிவுக்கு வயர் உள்ளது மட்டும்.

பாடும்போது 128, மிக்ஸ் செய்யும்போது 1024. இன்டர்ஃபேஸில், குரலைக் கணினிக்குள் போகாமலே ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் இருந்தால் பாடும்போது அதைப் போட்டு, மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணையுங்கள். இரண்டும் ஓடினால் குரல் இரட்டையாகக் கேட்கும். 128-இல் டிக் டிக் வந்தால் உடனே லேப்டாப்பைக் குறை சொல்லாதீர்கள். விண்டோஸில் கருவி நிறுவனமே தரும், தாமதம் குறைந்த ஏஎஸ்ஐஓ டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஏஎஸ்ஐஓ4ஆல்' என்ற பொது டிரைவர் வேறு வழியில்லாதபோதுதான். பவர் திட்டத்தை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். யூஎஸ்பியைத் தூங்க வைக்கும் அமைப்பை அணையுங்கள். வைஃபையை நிறுத்துங்கள். இன்டர்ஃபேஸ் ஹப்பில் தொங்கினால் எடுத்து நேராக லேப்டாப்பில் சொருகுங்கள். யூஎஸ்பி 2 ஓட்டை தருவது 2.5 வாட், அதில் கீபோர்டும் லைசன்ஸ் சரிபார்க்கும் டாங்கிளும் பங்கு கேட்டால் ஃபேன்டம் பவர் போட்ட நொடியில் கருவி தடுமாறும். இத்தனைக்குப் பிறகும் நிற்காவிட்டால் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எந்த டிரைவர் வழி மறிக்கிறது என்று பெயரோடு காட்டும்.

காதுக்குத் தெரியாத இன்னொரு தாமதம் உண்டு. மென்பொருள் தானாகச் சரி செய்யும் என்று நம்பிப் பதிவு செய்த டேக், சில டிரைவர்களில் நூறு இருநூறு சாம்பிள் பின்னால் போய் விழும். ஒரு டிராக்கில் தெரியாது. முதல் டேக்கைக் கேட்டு இரண்டாவது, அதைக் கேட்டு மூன்றாவது என்று அடுக்கினால் பிழையும் அடுக்காகக் கூடும். சோதிக்க, ஒரு வெளியீட்டிலிருந்து ஒரு லைன் உள்ளீட்டுக்குக் கேபிள் போட்டு, ஒரு கிளிக்கை ஓட்டி, அதையே பதிவு செய்யுங்கள். டைரக்ட் மானிட்டரும் ஸ்பீக்கரும் அணைந்திருக்க வேண்டும். இரண்டு அலையையும் பெரிதாக்கி இடைவெளியைச் சாம்பிளில் எண்ணி, மென்பொருளின் ரெக்கார்டிங் ஆஃப்செட் கட்டத்தில் அந்த எண்ணை எழுதுங்கள். இன்டர்ஃபேஸையோ டிரைவரையோ மாற்றினால் திரும்ப அளக்க வேண்டும்.

கணினி மாற்றம்

பாட்டுகள் தொலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், திருட்டிலோ தீயிலோ இல்லை. 2019-இல் மேக்ஓஎஸ் கேட்டலினா வந்தபோது 32 பிட் மென்பொருள்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின. 2020-இல் ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறியது. விஎஸ்டி2 வகை பிளகின்களை, அந்தத் தரத்தை உருவாக்கிய ஸ்டைன்பெர்க் நிறுவனமே கைவிட்டு விஎஸ்டி3-க்குப் போய்விட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய கணினியை ஏற்பதில்லை. ஒவ்வொரு முறையும் பழைய ப்ராஜெக்டைத் திறந்தால் 'பிளகின் காணவில்லை' என்ற பெட்டிதான் வரும்.

அதனால் ஒரு பாட்டு முடிந்த அன்றே, கணினியை மாற்றும் எண்ணம் இல்லாவிட்டாலும், அதை எந்த மென்பொருளிலும் திறக்கும் வடிவத்தில் இறக்கி வையுங்கள். ஒவ்வொரு டிராக்கையும் பூஜ்ஜியத்திலிருந்து பாட்டின் கடைசிவரை ஒரே நீளத்தில், 24 பிட் வேவ் கோப்பாக இரண்டு முறை: பிளகின் எதுவும் இல்லாமல் ஒன்று, எல்லாம் போட்டு ஒன்று. எல்லாம் பூஜ்ஜியத்தில் தொடங்கினால்தான் வேறு மென்பொருளில் வரிசையாக இழுத்துப் போட்டதும் பொருந்தும். ஒலி இல்லாமல் சுரக் குறிப்பை மட்டும் வைக்கும் மிடி டிராக்குகளுக்குத் தனியாக மிடி கோப்பு. மிடி 1983-இல் வந்த தரம், இன்றும் எல்லாக் கருவியும் படிக்கிறது. கடைசியாக ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் டெம்போ, தாளம், கட்டை, சாம்பிள் ரேட், முக்கியமான பிளகின்களின் பெயரும் பதிப்பு எண்ணும். 24 டிராக், ஐந்து நிமிடப் பாட்டு என்றால் பிளகின் இல்லாத மோனோ கோப்புகள் ஏறக்குறைய 1 ஜிபி, ஸ்டீரியோவாக இறக்கியவை 2 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்கில் முன்னூறு பாட்டு அடங்கும்.

பிறகுதான் மாற்றம். அதுவும் ஒரு பாட்டின் நடுவில் கூடாது. புது ஓஎஸ் வெளியான அன்று ஏற்றாமல், மென்பொருள், இன்டர்ஃபேஸ், பிளகின், லைசன்ஸ் டாங்கிள் ஆகிய நாலு நிறுவனங்களும் 'ஒத்துப்போகிறது' என்று எழுதும்வரை பொறுங்கள். பழைய லேப்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் எஸ்எஸ்டியைப் போட்டுப் பாருங்கள். புதுக் கணினி வாங்கும் செலவு பல சமயம் மிச்சமாகும். பழைய டிஸ்கை ஃபார்மேட் செய்யாமல் மூன்று மாதம் அலமாரியில் வையுங்கள். ராம் போதுமா என்று கேட்பதற்குப் பதில், உங்களிடம் உள்ள மிகப் பெரிய ப்ராஜெக்டை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். குரலும் நாலைந்து வாத்தியமும் என்றால் 16 ஜிபி போதும். சாம்பிள் லைப்ரரியில் ஆர்கெஸ்ட்ரா எழுதுகிறவருக்கு 32.

பாட்டுக் கோப்புகள் மூன்று இடத்தில் இருக்கட்டும்: கணினியில் ஒன்று, வெளி டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. மேக், விண்டோஸ் இரண்டிலும் படிக்க வேண்டுமென்றால் வெளி டிஸ்கை எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு பழைய பாட்டை அந்த டிஸ்கிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று எண்ண முடியாது.

ஈரமும் உப்பும்

கடற்கரை ஊர்களில் கருவி தேய்ந்து கெடுவதைவிட ஈரத்தில் கெடுவது அதிகம். கண்டென்சர் மைக்கின் மெல்லிய தகட்டில் ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசிந்து பொரியும். ஸ்டாண்டிலேயே விட்டுவைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீலம் இளஞ்சிவப்பானால், வகையைப் பொறுத்து ஆரஞ்சு பச்சையானால், ஜெல் நிரம்பிவிட்டது என்று பொருள். வெயிலிலோ மிதமான சூட்டிலோ காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். கேமராவுக்கு விற்கும் டிரை பாக்ஸ் இருந்தால் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். பொரிகிற மைக்கை ஒரு நாள் ஜெல்லோடு அடைத்து வைத்துப் பார்த்த பிறகு ரிப்பேருக்குக் கொடுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

குமிழ் திருப்பும்போது கரகரத்தால், ஜாக் அசைந்தால் ஒலி போய்ப் போய் வந்தால், கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி அடித்து இருபது முறை திருப்புங்கள், சொருகி எடுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே அதற்கு ஆகாது. பிசுக்கு நின்று தூசி பிடிக்கும்.

பழைய கருவி வாங்கும்போது, பணம் கொடுக்கும் முன் நிறுவனத்தின் டிரைவர் பக்கத்தைத் திறந்து உங்கள் ஓஎஸ்ஸின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பு உள்ள கருவி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். உங்கள் கண்டென்சர் மைக்கையும் ஒரு ஹெட்ஃபோனையும் கையோடு எடுத்துப்போய், ஒவ்வொரு உள்ளீட்டிலும் ஃபேன்டம் போட்டு, ஒவ்வொரு குமிழையும் கடைசிவரை திருப்பிக் கேளுங்கள். உங்கள் பழைய கணினியை விற்பதானால், பிளகின் லைசன்ஸ்களை ஒவ்வொன்றாக அதில் விடுவித்த பிறகே டிஸ்கை அழியுங்கள்.